ஏரிக்கரையா, எயிலா?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தொழிற்சாலைக் கூரைகள். அடுத்துப் படுவது வளைகோடுகள். பிறை போலவும் லாடம் போலவும் வளைந்த மண்மேடுகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. பழைய கோட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையோடு பார்த்தால் பத்து நிமிடத்தில் பத்துக் கோட்டை கிடைத்துவிடும். பத்தும் ஏரிகளாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்தின் புல்வெளிகளில் நிலைமை வேறு. அங்கே வட்டமாக ஒரு மண்மேடும் அதையொட்டி ஒரு பள்ளமும் தென்பட்டால், வரலாற்றுக்கு முற்பட்ட அடைப்பாக இருக்கலாம் என்ற ஐயம் உடனே எழும். கற்கள் நடப்படுவதற்கு முன், கி.மு. 3000 வாக்கில், ஸ்டோன்ஹெஞ்சே வட்ட அகழியும் மண்கரையுமாகத்தான் தொடங்கியது. அதற்கு அருகிலுள்ள உட்ஹெஞ்சை 1925இல் விமானத்திலிருந்தே அடையாளம் கண்டார்கள். அந்த முறையைத் தொண்டை மண்டலத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே மண்ணை வளைத்துக் கொட்டியவர்களில் பெரும்பாலோர் தண்ணீரைத் தேக்க நினைத்தவர்கள்.

இரண்டையும் பிரித்தறியச் சில எளிய சோதனைகள் உண்டு. ஏரிக்கரை சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் இருக்கும். தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். எயில், அதாவது கோட்டை மதில், நான்கு புறமும் மூடும். ஏரிக்கரைக்கு மண் பெரும்பாலும் உள்ளேயிருந்து, ஏரியின் வயிற்றிலிருந்து வரும். கோட்டைக்கோ வெளிப்புறம் தோண்டிய மண் மதிலாகும், தோண்டிய பள்ளம் அகழியாகும். மதகும் கலங்கலும் இருந்தால் பேச்சே இல்லை, அது ஏரிதான். ஊர்ப்பெயரை நம்பி இறங்குவதும் ஆபத்து. 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. ஆனால் பெயர் மதிலுக்குச் சான்றாகாது.

அப்படியானால் இந்த மேட்டு நிலத்தில் வரலாற்றுக்கு முற்பட்ட அடைப்பு எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மண்ணால் ஆனதல்ல, கல்லால் ஆனது, அளவிலும் சிறியது. பயிருக்கு உதவாத சரளை மேடுகளிலும் குன்றடிவாரங்களிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாகப் பதித்த கல்வட்டங்கள். ஊரார் நெடுங்காலமாக இவற்றைப் பாண்டவர் குழி என்றார்கள். உள்ளே கற்குவை, அதன் கீழே குழி, குழிக்குள் முதுமக்கள் தாழியோ கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையோ இருக்கும். உடன் வைத்த கருப்பு–சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் கிடைக்கும். உயிரோடு இருந்தவர்களைக் காக்க எழுப்பிய அரண் அல்ல. இறந்தவர்களுக்கு வகுத்த எல்லை.

இந்தக் கல்வட்டங்களின் காலத்தைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கே நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1863 மே 30ஆம் நாள் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே இந்த வட்டாரத்தில்தான் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதே பல்லாவரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். பொருள் கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை.

காலத்தைப் பற்றிய முதல் உறுதியான வாதம் கர்நாடகத்திலிருந்து வந்தது. 1947இல் பிரம்மகிரியை அகழ்ந்த மார்டிமர் வீலர், இத்தகைய ஈமச்சின்னங்கள் எழுந்த பெருங்கற்காலத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டையொட்டி வைத்தார். மதுராந்தகம் அருகே சானூரில் 1950, 1952 ஆண்டுகளில் என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் கல்வட்டங்களை முறையாக அகழ்ந்தபோது வீலரின் நிழல் அவர்கள்மீதும் விழுந்திருந்தது. சானூரின் பெரும் பயன் அங்கே கிடைத்த பானைகள் அல்ல. கல்வட்டம், கற்குவை, குழி, பேழை ஆகியவை எந்த வரிசையில் எழுந்தன என்பதை மண்ணடுக்கு வழியாக வாசித்துக் காட்டியதே.

வீலரின் காலக்கணக்கு இன்று நிற்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் கிடைத்த ஈமப்பேழை ஒன்றின் காலத்தைக் கி.மு. 1692 என்கிறது. பல்லாவரத்தில் ரீ எடுத்ததும் இதே ஈமப்பேழை மரபுதான். அதற்காக ஒரு காலக்கணிப்பை எடுத்து எல்லாக் கல்வட்டங்களின் தலையிலும் கட்டிவிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அகழ வேண்டும்.

அகழ்ந்தால் என்ன தெரியவரும் என்பதற்குத் தொழில் வட்டாரத்திலேயே சான்று உண்டு. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் சங்ககாலக் கட்டட எச்சமும் ரோமானிய ஆம்போரா சாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. கார்களும் டயர்களும் உருவாகும் சாலைக்குப் பக்கத்திலேயே இத்தனை அடுக்குகள்! ஆளில்லாத காட்டுக்குத் தொழில் வந்தது என்று சொல்லப்படும் கதைக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை.

உண்மையான மண்மதில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டைக்குப் போகலாம். சுமார் 44 ஏக்கரை மதிலும் அகழியும் சூழ்ந்திருக்கின்றன. தமிழி எழுத்துள்ள நடுகல் ஒன்று அங்கே கிடைத்த பிறகு ஆய்வாளர்களின் கவனம் கூடியது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. செங்கல் கட்டுமானம், கார்னீலியன் மணி, தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி ஆகியவை வெளிவந்தன. வட்டம் மூடியிருந்தது, அகழி இருந்தது, எழுத்து இருந்தது. அதற்குப் பிறகும் கோட்டையின் கதையைச் சொல்ல மண்வெட்டி தேவைப்பட்டது. வளைகோட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தொழில் வட்டாரத்தில் சிக்கல் வேறு. சீமைக்கருவேலம் மண்டிய மேட்டில் கல்வட்டம் மேலிருந்து தெரியாது. கீழே நடந்துதான் பார்க்க வேண்டும். நடப்பதற்குள் மேடு இருக்க வேண்டுமே. கல்வட்டம் விரும்பிய அதே சரளை மேட்டைத்தான் மனை நிரப்பக் கிராவல் அடிப்பவர்களும் விரும்புகிறார்கள். எருமையூர் போன்ற சில ஊர்களின் ஈமச்சின்னங்கள் மத்தியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். பட்டியலில் ஏறாத வட்டத்துக்கு இந்தக் காப்பு இல்லை.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தரைக்கு மேலே வட்டமாகக் கிடக்கும் பாறைகளைக் கண்டவரை அந்தச் சட்டம் எதுவும் கேட்பதில்லை. அவற்றைப் பார்க்க நேர்பவர்கள் கல்லைப் புரட்டாமல், இடத்தையும் அளவையும் குறித்து ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், பொக்லைன் வருவதற்கு முன்.