வெட்டாமல் விடும் இரண்டு அங்குலம்

வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12 அன்று. மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்ப்பக்கம் மண்ணோடு சேர்ந்து ஒரு பெரிய தட்டு மாதிரி ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. அதற்குக் கீழே பள்ளம். வாடகை செயின் சாவோடு இரண்டு பேர் வந்தார்கள். கைலி, ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பள்ளத்துக்குள்ளே இரண்டு பையன்கள் இறங்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் திடீரென்று, "டேய், மேல ஏறி வாங்கடா மொதல்ல" என்று அதட்டினார். பையன்கள் முனகிக்கொண்டே வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடிமரம் அறுபட்டது. அறுபட்ட நொடியில் அந்த வேர்த்தட்டு 'தொம்' என்று நிமிர்ந்து, பள்ளத்துக்குள் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. மண் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வேர்த்தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது அடிமரத்தின் எடைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. விழுந்து கிடக்கும் மரம் சும்மா கிடப்பதில்லை. வளைத்துக் கட்டிய வில் மாதிரி எங்கேயோ இழுத்துக்கொண்டு, எங்கேயோ அழுந்திக்கொண்டு இருக்கிறது. அப்படியானால் நிற்கிற மரம்? இருநூறு அடி உயரத்தில் பல டன் எடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒன்றை, அடியில் நின்றுகொண்டு அறுப்பவர் எதை நம்பி அறுக்கிறார்? அன்றைக்குப் பிடித்த கேள்வி, இன்னும் விடவில்லை.

மரம் வெட்டியதன் வரலாற்றைத் தேடினால் கப்பல், அரண்மனை, ரயில் தண்டவாளம் என்று மரம் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கிடைக்கும். வெட்டினவன் எங்கே நின்றான், கோடாரியை எந்தப் பக்கம் முதலில் போட்டான் என்பது அபூர்வமாகத்தான் கிடைக்கும். இதில் அமெரிக்காவின் மேற்குக் கரை ஒரு விதிவிலக்கு. அங்கே கோடாரியும் கேமராவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் காட்டுக்குள் நுழைந்தன. அதனால் தொழிலாளிகளின் கைவேலை படமாகவே இருக்கிறது. ஆகவே கதையை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

1853, கலிஃபோர்னியாவின் கலவேரஸ் தோப்பு. முந்தைய ஆண்டுதான் அங்கிருந்த ராட்சத செக்வோயா மரங்களைப் பற்றிய செய்தி வெளியுலகில் பரவியிருந்தது. அதில் ஒன்றை வீழ்த்திக் காட்சிப்பொருள் ஆக்கலாம் என்று சிலர் முடிவு செய்தார்கள். அடிப்பக்கக் குறுக்களவு ஏறத்தாழ 24 அடி. அதை அறுக்கிற நீளத்தில் ரம்பமே கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? துளைபோடும் நீண்ட துரப்பணங்களை வைத்து மரத்தைச் சுற்றிலும் துளைதுளையாகப் போட்டார்கள். ஐந்து பேர், 22 நாள். கடைசித் துளையும் போட்டாயிற்று, மரம் முழுக்கத் துண்டாகிவிட்டது. ஆனால் விழவில்லை! அவ்வளவு நேராக, அவ்வளவு கனமாக, தன் அடிக்கட்டை மேலேயே அது நின்றுகொண்டிருந்தது. பிறகு ஆப்பு அடித்து அடித்துத்தான் சாய்க்க வேண்டியதாயிற்று. அந்த அடிக்கட்டையின் மேல் பின்னாளில் நடனமாடினார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்கிற கதை. எனக்கு அதைவிட, முழுக்க அறுபட்டபின் நின்ற அந்த இடைவெளிதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் மரம் எந்தப் பக்கமும் விழலாம். அதைப் பிடித்துக்கொண்டிருக்க எதுவுமே மிச்சமில்லை.

தொழில் தெரிந்தவர் ஒருநாளும் மரத்தை முழுக்க அறுக்க மாட்டார்.

முறை இதுதான். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில், தர்பூசணியில் துண்டு எடுப்பது போல ஓர் ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். மரத்துக்கு வாய் திறப்பது என்று வைத்துக்கொள்வோம். ஆழம், குறுக்களவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. பிறகு எதிர்ப்பக்கம் போய், பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் வாயைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, விழுகிற மரத்துக்கு இந்தப் பட்டை அப்படி. மரம் அதைப் பற்றிக்கொண்டே மெதுவாக வாய்ப்பக்கம் மடங்கும். மடங்கி முடிகிற வரை பக்கவாட்டில் திரும்பாமலும், பின்னால் உதைக்காமலும் பிடித்து வைத்திருப்பது அதுதான். இன்றைய பயிற்சிகளில் சொல்லப்படும் பொதுக் கணக்கு, கீலின் தடிமன் குறுக்களவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இரண்டடி மரத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம். அறுப்பவரின் உயிர் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. ஒரு ஓரத்தில் தடியாகவும் மறு ஓரத்தில் மெலிந்தும் போனால் மரம் தடித்த பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். அதைத் தெரிந்தே செய்து, சாய்ந்த மரத்தைக் கொஞ்சம் திருப்புகிற கைகாரர்களும் உண்டு.

சுமார் 1880 வரை அமெரிக்கக் காடுகளில் நிற்கிற மரத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் கோடாரி வேலைதான். அதன்பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் இழுக்கும் நீண்ட ரம்பம் பின்வெட்டுக்கு வந்தது. வாஷிங்டன், ஓரிகான் பக்கத்து டக்ளஸ் ஃபர் மரங்கள் அடியில் யானைக்கால் மாதிரி விரிந்து, பிசின் நிறைந்து இருக்கும். அந்தப் பிசினில் ரம்பம் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதற்கு மேலே போய் அறுக்க வேண்டும். எப்படிப் போவது? மரத்தில் ஒரு குழி வெட்டி, முனையில் இரும்பு லாடம் அடித்த பலகை ஒன்றைச் செருகுவார்கள். ஸ்பிரிங்போர்டு என்று பெயர். தரையிலிருந்து ஆறடி, எட்டடி, சில சமயம் அதற்கும் மேலே, ஒரு சாண் அகலச் சொச்சப் பலகையில் நின்றுகொண்டு நாளெல்லாம் ரம்பம் இழுப்பார்கள். பக்கத்தில் கொக்கி போட்டு ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் தொங்கும், பிசினைக் கரைக்க. வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் இன்றும் அந்தப் பழைய அடிக்கட்டைகள் நிற்கின்றன. பலகை செருகிய குழிகள் இரண்டு கண்கள் மாதிரி நம்மைப் பார்க்கும்.

இந்தக் காட்சிகளை நமக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டேரியஸ் கின்சி. 1890களில் தொடங்கி 1940 வரை வாஷிங்டன் மாநிலக் காடுகளில் படமெடுத்தவர். அவர் மனைவி டபிதா வீட்டில் படங்களைக் கழுவி அச்சிட்டார். வெட்டிய வாய்க்குள் மனிதர்கள் கால் நீட்டிப் படுத்திருக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கும்போதே நமக்கு வயிற்றைப் பிசையும். கின்சியின் தொழில் எப்படி முடிந்தது என்றால், 1940இல் ஓர் அடிக்கட்டையின் மேலிருந்து விழுந்தார். அதோடு சரி.

செந்நிற ரெட்வுட் மரத்தில் இன்னொரு தொல்லை. அவ்வளவு பெரிய மரம், விழும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். அதனால் விழ வேண்டிய பாதையை முன்பே தேர்ந்து, மேடு பள்ளம் நிரவி, மண்ணும் கிளைகளும் போட்டு மெத்தை தயார் செய்வார்கள். மரம் அந்த மெத்தையில் சரியாக வந்து படுக்க வேண்டும். வாயின் இரு ஓரங்களிலும் பொருந்துகிற ஒரு குறிக்கோலை வைத்து, அதன் முனை காட்டும் திசையைப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் செதுக்குவார்கள். பாதுகாப்பும் லாபமும் இங்கே ஒரே வெட்டில் இருந்தன. திசை தப்பினால் முதலாளிக்குப் பல நாள் கூலி நஷ்டம், தொழிலாளிக்கு உயிர் நஷ்டம்.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அந்தத் தொழிலின் வார்த்தைகளே சாட்சி. மேலே சிக்கித் தொங்கும் முறிந்த கிளைக்கு 'விடோமேக்கர்' என்று பெயர். பெண்டாட்டியை விதவை ஆக்குவது. கோடாரி விழுகிற அதிர்ச்சியில் அது எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைவிடக் கொடியது 'பார்பர் சேர்'. விழுகிற பக்கமே பலமாகச் சாய்ந்திருக்கும் மரத்தில் இது நடக்கும். பின்னாலிருந்து பாதி அறுக்கும்போதே மரம் சாயப் பார்க்கும், கீலோ இன்னும் மிகத் தடியாக இருக்கும், மடங்க முடியாது. அப்போது அடிமரம் நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்துகொண்டு மேலே ஓடும். பின்பாதி பின்னோக்கி உயர்ந்து, உச்சியில் ஊஞ்சல் மாதிரி ஆடி, அறுத்தவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். முடிதிருத்தும் கடை நாற்காலி பின்னால் சாய்வதைப் பார்த்து வைத்த பெயர். கண் இமைக்கும் நேரம் கூடக் கிடைக்காது.

ரம்பக் காலத்தில் ஒரு பெரிய மரத்துக்கு மணிக்கணக்கு ஆனது. அந்த மணிக்கணக்கு ஒரு காவலாகவும் இருந்தது என்பது என் கணிப்பு. ரம்பம் போன தடம் மயிரிழை விரிகிறதா, உள்ளே நார் 'படக்' என்று அறுகிறதா, உச்சிக்கிளை நடுங்குகிறதா என்று பார்க்கவும் கேட்கவும் நேரம் இருந்தது. எதிர்முனையில் இன்னொருவரும் இருந்தார். ஒருவர் குனிந்தால் மற்றவர் அண்ணாந்து பார்ப்பார்.

அப்புறம் இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் 1920களின் கடைசியில் பெட்ரோல் ரம்பங்கள் வந்தன. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929இல் செய்தது 46 கிலோ. அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். சங்கிலியின் பல் சீக்கிரம் மழுங்கும். அதைத் தீர்த்தவர் ஓரிகானின் ஜோசப் காக்ஸ். 1946இல் ஒரு அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாகச் சீவுவதைப் பார்த்து, அதே மாதிரி பல் வைத்த சங்கிலியை உருவாக்கி அடுத்த ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் தெருவில் அலறும் செயின் சாவில் ஓடுவதும் அந்தக் குடும்பத்துச் சங்கிலிதான். 1950களில் ஒரே ஆள் தூக்கி அறுக்கிற அளவுக்கு எடை குறைந்தது.

மணிக்கணக்கு நிமிடக்கணக்கு ஆயிற்று. எதிர்முனை ஆள் போனார். இரைச்சலில் நார் அறுகிற சத்தம் போனது. கீலில் விட வேண்டிய இரண்டு அங்குலத்தை, கோடாரியில் தவறி வெட்டப் பல வீச்சு தேவை. செயின் சாவில் ஒரு விநாடி அசந்தால் போதும். கூடவே புது ஆபத்துகள். ரம்பத் தகட்டின் மூக்கில் மேல்பாதி மரத்தில் பட்டால், இயந்திரம் அப்படியே முகத்தை நோக்கித் துள்ளும். அதிர்வால் விரல்கள் ரத்தம் இழந்து வெளுத்துப்போகும். 'வெள்ளை விரல்' நோய் என்றே பெயர் வந்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் 1960களிலும், துள்ளினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970களின் தொடக்கத்திலும் வந்தன. இயந்திரத்தைத் திருத்துவது ஒப்பீட்டளவில் சுலபம். பழக்கத்தைத் திருத்தத்தான் வேறு ஆள் தேவைப்பட்டது.

அந்த வேலை பெரும்பாலும் ஸ்வீடனில் நடந்தது. சோரன் எரிக்சன் என்ற ஸ்வீடன்காரர் அந்த முறைகளை அமெரிக்கக் காடுகளுக்குக் கொண்டுபோய், 'கேம் ஆஃப் லாகிங்' என்று மதிப்பெண் போடும் விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தார். (முரட்டு மரவெட்டிகளிடம் பாடம் என்றால் போக மாட்டார்கள், போட்டி என்றால் வருவார்கள். கெட்டிக்காரர்.) இரண்டு மாற்றங்கள் முக்கியம். முதலாவது, வாயை அகலமாக, 70 டிகிரிக்கு மேலே திறப்பது. பழைய 45 டிகிரி வாய், மரம் பாதி சாயும்போதே மூடிக்கொள்ளும். மூடினதும் கீல் முறிந்து, மரம் பாதி வழியில் கட்டுப்பாடு இழக்கும். அகன்ற வாயில் தரை தொடுகிற வரைக்கும் கீல் பிடித்திருக்கும். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்னாலிருந்து அறுக்காமல், கீலுக்குச் சற்றுப் பின்னே ரம்பத்தின் மூக்கை மரத்துக்குள் குத்தி நுழைத்து, முதலில் கீலைச் சரியான தடிமனில் செய்துவிட வேண்டும். பிறகு அங்கிருந்து பின்னோக்கி அறுத்து, கடைசியில் முதுகுப்பக்கம் ஒரு கைப்பிடி மரத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இப்போது கீல் தயார், முதுகுப் பிடியும் இருக்கிறது, மரம் அசையாது. ரம்பத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்து, உச்சியைப் பார்த்து, ஓட வேண்டிய வழியை இன்னொரு தரம் பார்த்து, பிறகு அந்தப் பிடியை அறுத்தால் போதும். பார்பர் சேர் நடக்கவே வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்தப் பழைய மணிக்கணக்கில் ஒரு துளியை இது திருப்பிக் கொடுத்துவிட்டது.

அமெரிக்க அரசு 1994இல் வெளியிட்ட மரவெட்டு விதிகளில் இதில் பலதும் ஏறியது: வாய் வெட்டாமல் மரம் சாய்க்கக் கூடாது, பின்பக்கம் மூலைவாட்டில் தப்பும் வழி முன்பே துப்புரவாக இருக்க வேண்டும், பக்கத்து வேலையாள் குறைந்தது இரண்டு மர உயரம் தள்ளி இருக்க வேண்டும். இருந்தும் 2022இல் அங்கே மரவெட்டுத் தொழிலாளர்களில் ஒரு லட்சம் பேருக்கு 100.7 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்த சராசரி 3.7. சமதளத்தில் இப்போது கூண்டுக்குள் உட்கார்ந்து இயக்கும் பெரிய இயந்திரங்களே அறுக்கின்றன. அவை ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளுக்கு இன்னும் மனிதர்தான் ரம்பத்தோடு போகிறார்.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் அன்று சாயங்காலமே கேட்டேன், "எப்படி சார் தெரிஞ்சது?" என்று. அவருக்குச் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். "தானே புயலப்ப எங்க தோப்புல ஒரு பலா இப்படித்தான் எந்திரிச்சு நின்னுச்சு தம்பி. வேர் ஒரு பக்கம் அறாம மண்ணுல இருந்துச்சு. குழியில எங்க நாய் படுத்திருந்துச்சு" என்றார். மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நிமிர்ந்த அந்த அடிக்கட்டை அடுத்த ஆடியில் துளிர்த்தது. இப்போது பால்காரர் அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறார்.