பல கைகளில் ஓர் உயிர்

திருத்தணியில் நோய் முற்றி உயிருக்குப் போராடுவோரைக் கிழக்கே சென்னைக்கோ மேற்கே வேலூருக்கோ கொண்டு செல்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியதும், "பெரிய டாக்டர் பார்த்துவிட்டாரா?" என்பதே நம் முதற்கேள்வி. ஓர் உயிரை ஒருவரே காக்கிறார் என்ற எண்ணம் நம்முள் வேரூன்றிவிட்டது. அப்பிரிவு பிறந்த வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது.

1952-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரைக் காக்கப் போதிய கருவிகள் இல்லை. தொடக்க வாரங்களில் அத்தகைய 31 பேரில் 27 பேர் மாண்டனர். தலைமை மருத்துவர் லாசன் தம் பெருமையைப் பாராட்டாது, மயக்க மருந்து நிபுணரான இப்சனின் துணையை நாடினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியை இப்சன் காட்டினார். கை ஓய்ந்தால் மூச்சும் ஓயும். ஆகவே ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து நோயாளிகளின் அருகே அமர்ந்தனர். இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 1953-இல் இப்சன் அந்நகரில் நிறுவிய பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

நம் அண்டை நகரான வேலூரும் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தது. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், தனி மருத்துவரால் ஆவது சிறிதே எனக் கண்டார். 1909-இல் செவிலியர் பயிற்சியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். செவிலியர் பயிற்சி முந்தியது என்பது நம் சிந்தனைக்குரியது.

ஆயினும் பலர் கூடி நிற்பதனாலேயே கூட்டுழைப்பு அமைந்துவிடாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் புரோனவோஸ்ட் ஒரு முறையைப் புகுத்தினார். இரத்தக்குழாயில் குழாய் செலுத்துமுன் கை கழுவுதல் முதலிய ஐந்து எளிய விதிகள். அவற்றுள் ஒன்று தவறினாலும் மருத்துவரைத் தடுத்து நிறுத்தச் செவிலியருக்கு உரிமை. நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில் 18 மாதங்களில் அக்குழாய்வழித் தொற்று மூன்றில் இரு பங்கு வரை குறைந்ததாக 2006-இல் அறிக்கை வெளியாயிற்று. விதிகள் புதியனவல்ல; இளையவர் வாய் திறக்கவும் மூத்தவர் செவிமடுக்கவும் வழி பிறந்ததே புதுமை.

நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பெண்மக்கள் செவிலியராகச் சென்றுள்ளனர். நள்ளிரவில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் காண்பவர் அவர்களே. அச்சத்தால் அவர்கள் மௌனம் காத்தால், அதற்கு விலையாவது ஓர் உயிர். பெரிய டாக்டரைத் தேடும் நாம், இரவுப்பணிச் செவிலியரின் சொல்லுக்கும் மதிப்பளிக்கக் கற்போம்.