மிச்சம் பிடிச்ச இரும்பு

இன்னைக்குப் பேசப் போறது, இரும்பை மிச்சம் பிடிக்கிற கணக்கோட வரலாறு.

செவ்வாப்பேட்டை பக்கமோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, புதுசா கட்டின ஷெட் ஒண்ணுக்குள்ள போய் நிமிர்ந்து பாருங்க. பல ஷெட்டுகள்ல தூண் அடியில ஒல்லியா இருக்கும், மேல போகப் போக அகலமாகும். கூரைச் சட்டமும் தூணைத் தொடுற இடத்துலதான் அகலம். இது அழகுக்காக இல்லை. வளைக்கிற விசை அங்கேதான் அதிகம், அதனால இரும்பும் அங்கே அதிகம்.

யோசனை பழசு. சுவத்துல செருகின உத்தரத்தோட நுனியில பாரம் தொங்குதுன்னு வைங்க. உத்தரத்தைப் பரவளையமா செதுக்கினா, பலம் குறையாம மூணுல ஒரு பங்கு எடையைக் கழிக்கலாம்னு 1638-லயே கலிலியோ காட்டினார். 1904-ல மெல்போர்ன் இன்ஜினியர் மிச்சல், ஒரு சட்டகம் எவ்வளவு லேசாக முடியும்ங்கிற எல்லையைக் கணிதத்தில் எழுதினார்.

1960-ல அமெரிக்காவின் லூசியன் ஷ்மிட் இதைக் கம்ப்யூட்டர் கணக்கா மாத்தினார். எடை குறையணும், ஆனா எந்தக் கம்பியும் தாங்கும் வரம்பைத் தாண்டக் கூடாது. அளவை மாத்து, சோதி, மறுபடி மாத்து. ஒவ்வொரு கம்பியும் ஏதோ ஒரு பாரத்தில் வரம்பைத் தொட்டா அதுதான் மிக லேசான டிசைன்னு அதுவரை நம்பினாங்க. பாரம் பல விதமா வந்தா அது எப்பவும் உண்மையில்லைன்னு, மூணே கம்பி உள்ள சட்டகத்தில் காட்டினார்.

சிக்கல் இங்கேதான். கம்ப்யூட்டர் நாம சொன்ன நிபந்தனையை மட்டும்தான் மதிக்கும். ஐஎஸ் 875 சென்னைக்குச் சொல்ற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அது கணக்குல இருக்கும். நாளைக்குக் கூரையில ஏறப்போற சோலார் பேனல், யாராவது சொன்னாத்தான் இருக்கும். பழைய கட்டடங்கள்ல தேவைக்கு மேல இருந்த இரும்பு இந்த மறதியைத் தாங்கிச்சு. இப்போ அந்த உபரியைத்தான் வெட்டிட்டோம்.

மின்கோபுரத்துல இது இன்னும் பெருசு. ஒரே டிசைன் நூத்துக்கணக்கில் நடப்படும். சேமிப்பும் பெருகும், தப்பும் பெருகும். அதனாலதான் 1965-ல தொடங்கின கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், சென்னையில கோபுரங்களை நிஜ அளவுல நிறுத்தி, கம்பி வடத்தால இழுத்துச் சோதிக்குது.

ஷெட் கூரையில எதையாவது ஏத்தறதுக்கு முன்னாடி கேளுங்க: இந்த எடை கணக்குல இருந்துச்சா?