பத்மநாபபுரம்: இடம் தமிழ்நாடு, சாவி கேரளம்

திருவனந்தபுரத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டியதும் களியக்காவிளையில் மாநிலம் மாறிவிடும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதே சாலையில் தக்கலை வந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால், வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை! திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

1601 வாக்கில் தொடங்கிய அரண்மனை இது. இன்று நாம் பார்க்கும் பெருங்கட்டிடங்களில் முக்கியமானவை மார்த்தாண்ட வர்மா (1729-1758) காலத்தவை. பதவிக்கு வருமுன் எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி அவர் ஒளிந்த பலாமரம் என்று நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் 'அம்மச்சி பிலாவை' இன்றும் காட்டுவார்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவரும் இவரே. அங்கே பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைத்தளபதியாகி, 1777-இல் இறந்தார். பக்கத்து உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. அரசாங்கக் காரியங்களில் தமிழுக்கு அன்றிருந்த இடத்துக்கு வேறு சாட்சி எதற்கு?

பின்னர் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அரண்மனை தங்கிவிட்டது.

1950களில் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. முன்னணியில் நின்றவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கோரிக்கையில் இருந்த நெய்யாற்றின்கரை வரவில்லை. கல்குளத்தோடு பத்மநாபபுரமும் இங்கே வந்தது, ஆனால் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது.

இதனால் கஷ்டப்பட்டது அரண்மனை அல்ல, மனிதர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், அம்மா வீடு பாறசாலையில் என்றால், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பாஷையில் பள்ளிக்கூடம் போனார்கள். பாட்டியின் தமிழ்க் கடிதத்தை வாசிக்கத் தெரியாத பேரன்கள் அப்படித்தான் உருவானார்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனாலும் ஒரு வழக்கம் இன்னும் அறுபடவில்லை. நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவுத் தங்கல். எல்லை வரை தமிழ்நாட்டுப் போலீஸ், களியக்காவிளையில் கேரளப் போலீஸின் மரியாதை. பாறசாலைக்காரர்கள் சாலையோரம் நின்று வரவேற்பார்கள். அவர்களுக்கு அது வேற்று மாநிலத்துச் சாமி அல்ல.

லீவில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். கூடவே, 1956-ஐப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அரண்மனையைக் காக்க ஒரு துறை இருக்கிறது. அவர்கள் நினைவுகளுக்கு நாம்தான் இருக்கிறோம்.