உரகாமியின் தகனபலி

நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வீழ்ந்த செய்தியை அறியாதார் இலர். ஆயினும் அக்குண்டு நகரின் எப்பகுதியில் வெடித்தது, அங்கு வாழ்ந்தோர் யாவர் என்பவற்றை அறிந்தோர் சிலரே.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி காலை, அமெரிக்க விமானம் முதலில் நாடிச் சென்ற நகரம் கொக்குரா. அந்நகரம் கண்ணுக்குப் புலப்படாமையால் விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. 11 மணி 2 நிமிடத்திற்குக் குண்டு வெடித்தது உரகாமிப் பள்ளத்தாக்கின் மேலே. அப்பள்ளத்தாக்கே யப்பானியக் கத்தோலிக்கரின் தாயகம். ஏறக்குறைய 12,000 கத்தோலிக்கர் அங்கு வாழ்ந்தனர். அவருள் 8,500 பேர் வரையில் மாண்டனர். தேவமாதாவின் திருநாள் ஆகஸ்டு 15-ந் தேதி வருவதை முன்னிட்டுக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருமார் இருவரும், காத்திருந்த மக்களும் இடிபாட்டில் மடிந்தனர்.

அக்கோயில் எழுந்த கதையைச் சிறிது விரித்தே கூறுதல் வேண்டும். 1597-ல் நாகசாகிக் குன்றில் இருபத்தறுவர் சிலுவையில் அறையுண்டனர். 1614-ல் கிறிஸ்து மதம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. உரகாமி உழவரோ, ஊர்த்தலைவன் வீட்டில் ஆண்டுதோறும் திருவுருவத்தைக் காலால் மிதிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டும், குருவின்றி, கோயிலின்றி, இருநூற்றைம்பது ஆண்டுகள் தம் நம்பிக்கையை மறைவிற் காத்தனர். 1865-ல் ஒரு பிரெஞ்சுக் குருவிடம் தம்மை வெளிப்படுத்தினர். அதன் பயனாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873-ல் தடை நீங்கி மீண்டவர்கள் செய்ததென்ன? திருவுருவத்தை மிதிப்பித்த அவ்வூர்த்தலைவன் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினர். அதன்மேல் 1895-ல் தொடங்கி 1914-ல் முடித்த செங்கற் கோயிலே, அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து 500 மீட்டர் அளவில் நின்றது!

குண்டு வீழ்ந்தபின், தப்பியவர்களைப் பிறிதொரு கொடுமை வாட்டிற்று. நாட்டுத் தெய்வங்களை வணங்காமையால் உரகாமி மக்களுக்குத் தெய்வ தண்டனை கிடைத்ததென்று அயலார் பேசலாயினர். இப்பழிச்சொல்லுக்கு விடை கூறினார் டாக்டர் நாகாய் தக்காஷி. அவர் கதிரியக்க மருத்துவர். குண்டுக்கு முன்னரே இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டவர். சாம்பலில் மனைவியின் எலும்புகளைத் தம் கையாற் பொறுக்கியவர். 1945 நவம்பர் 23-ந் தேதி, இடிந்த கோயிலருகே நடந்த இரங்கற் பூசையில், மாண்டோர் தண்டிக்கப்பட்டவர் அல்லர், உலகப் போரின் பாவத்திற்குக் கழுவாயாக இறைவனே தேர்ந்துகொண்ட மாசற்ற தகனபலி என்றார்.

மக்கள் அழுதனர்; ஆறுதலும் எய்தினர். பிள்ளைகளை இழந்த தாய்மாரிடம் அன்று வேறெதைக் கூறியிருத்தல் கூடும்? ஆனால் ஆறுதல் மொழி வரலாறாகும்போது கேள்வி பிறக்கின்றது. பலி என்றால், கத்தி பிடித்த கை ஒன்று உண்டன்றோ? அதனை இறைவன் கையென்று கூறிவிட்டால், குண்டை வீசுமாறு ஆணையிட்டோரும், போரைத் தொடங்கிய யப்பானிய ஆட்சியாளரும் எங்கே மறைகின்றனர்? 1942-ல் சிங்கப்பூரில் சீன மக்கள் கொன்று குவிக்கப்பட்டதும், சயாம் மரண ரயில் பாதையில் நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்ததும் அவ்வாட்சியாளர் செய்கை. அப்பாவத்திற்கு உரகாமிக் குழந்தை ஏன் ஈடாதல் வேண்டும்? அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகளும் வேறோர் ஈடு தேடினர். நாகாயின் 'நாகசாகியின் மணி' 1949-ல் வெளிவந்தபோது, மணிலாவில் யப்பானியர் செய்த கொடுமைகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்த பின்னரே அவர்கள் இசைவளித்தனர். ஒரு கொலைக்கு மற்றொரு கொலையை நிறுத்துக் காட்டும் வாணிபம் அது.

நாகாய் 1951-ல் மறைந்தார். கவிஞர் யமதா கான், தத்துவ ஆசிரியர் தக்காஹாஷி ஷிஞ்சி முதலியோர் பிற்காலத்தில் அவரது தகனபலிக் கொள்கையைக் கடிந்தனர். 1981 பிப்ரவரியில் ஹிரோஷிமாவுக்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதன் செயலே என்று வெளிப்படையாகக் கூறினார். அதைக் கேட்ட பின்னரே வாய்திறந்து சாட்சி சொல்லத் தொடங்கிய உரகாமி முதியோரும் உளர்.

கோயிலின் இடிபாடுகள் 1958-ல் அகற்றப்பட்டன. ஹிரோஷிமாவிற் போல அவற்றைக் காத்திருக்கலாம் என்பதே நம் கருத்து. 1959-ல் புதிய கோயில் எழுந்தது. பழைய கோயிலின் மரத்தாலான மாதா உருவத்தில் எஞ்சியது தலை மட்டுமே. கன்னம் கருகி, கண்மணிகள் அழிந்து, இரு குழிகளோடு அஃது இன்றும் அங்கே வைக்கப்பட்டுள்ளது.