அளவை கற்ற மணிமேகலை

பகுத்தறிவு மேலைநாட்டுச் சரக்கு என்று ஏளனம் பேசுவோர் உளர். அவர்களுக்கு நாம் காட்டுவது ஒரு தமிழ்க் காப்பியத் தலைவியை. கணிகையர் குலத்தாள் என்று இகழப்பட்ட மாதவியின் மகளை!

உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த மணிமேகலையைப் புரட்டுங்கள். இளம்பெண்ணுக்குச் சமயவாதிகள் மெய்ப்பொருள் உரையார் என்பதால், அவள் ஆண் துறவியின் உருக்கொண்டே வஞ்சி நகரில் அவர்தம் வாதங்களைக் கேட்கிறாள். அறிவின் வாயிலிலும் பெண்ணுக்குத் தாழ்! அத்தாழைத் திறப்பவர் அறவண அடிகள். 29-ஆம் காதையில் அவளுக்கே அளவை நூலை விளக்குகிறார்.

அளத்தலினின்று பிறந்த சொல் அளவை. நெல்லை மரக்காலால் அளக்கிறோம். சொல்லைக் காரணத்தால் அளக்கிறோம். மலையில் நெருப்புண்டு என நிறுவப் புகுவது பக்கம். புகை எழுகிறதே என்பது ஏது. அடுக்களையில் கண்டோமே என்பது திட்டாந்தம். இவை வடமொழி வழி வந்த சொற்கள், மறைப்பானேன்? காரணத்திற்குக் குலமுமில்லை, எல்லையுமில்லை.

அடிகள் அத்துடன் நில்லாமல் போலிகளையும் வகுத்துரைக்கிறார். காரணம்போல் தோன்றி ஏய்ப்பது ஏதுப்போலி. “முன்னோர் செய்தனர், ஆகவே சரி” என்பது ஏதுவா, போலியா? அளந்து பாருங்கள், தோழர்களே!