சேவைக்கு மதிப்பெண்

பிரித்தானியாவில் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர் பலர், பட்டம், ஆய்வு, கற்பித்தல் எனத் தம் சாதனைகளுக்குத் தாமே மதிப்பெண் இட்டுச் சான்றுகளை இணைக்கின்றனர். இந்தியாவில் அரசு மருத்துவரின் சேவையை மதிப்பிடுவது விதியின் சொற்களே.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறை, தொலைதூர அல்லது கடினமான பகுதிகளில் பணியாற்றியோருக்கு, தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், உச்சமாக 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் அளித்தது. 500 பெற்றவர் மூன்றாண்டுச் சேவையால் 650 அடைவார்.

2016இல் உச்ச நீதிமன்றம் இம்முறையை ஏற்றது. பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்க்கு இருந்த 50 விழுக்காடு ஒதுக்கீடு 2017இல் நின்றது, அவர்கள் போராடினர். 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அவ்வொதுக்கீட்டை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது.

ஒதுக்கீடு, அரசுப் பணியில் இருப்போர் அனைவரையும் கருதியது. ஊக்க மதிப்பெண்ணோ பணியிடத்தைக் கருதியது. பெங்களூரு மர்பி டவுன் போன்ற நகரக் குடியிருப்பில் எளியோரிடையே கழிந்த ஆண்டுகள் ‘தொலைதூரம்’ என்னும் சொல்லுள் அடங்கா. அக்கோல் உழைப்பைவிட இடத்தையே அளந்தது.